சாவியைக் கொடுத்துவிட்டால் வாடகை நின்றுவிடுமா? இங்கிலாந்தில் சேர்ந்து வீடெடுக்கும் மாணவர்களுக்கு

"அக்கா, நான் பெட்டியைக் கட்டிட்டு வந்துட்டேன். சாவியை ஏஜென்ட் ஆபீஸ் தபால் பெட்டியில போட்டுட்டேன். அப்புறம் எதுக்கு எனக்கு மெயில் அனுப்பறாங்க?"

திண்டுக்கல் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க வந்த தம்பி அவன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் வாடகை வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அவன் வந்தது ஒரு பிப்ரவரி மாதம், 2026 மே மாதம் வாடகைச் சட்டம் மாறுவதற்கு முன். ஐந்து பேர் சேர்ந்து செப்டம்பரில் பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்த வீடு. கூட இருந்தவனோடு சண்டை, தூக்கமில்லை, ஜனவரி கடைசியில் வெளியேறிவிட்டான். மெயிலில் கேட்டிருந்த தொகை 3,150 பவுண்டு. மாதம் 450 வீதம் மீதி ஏழு மாதம்.

"உன் ரூம் எதுன்னு ஒப்பந்தத்தில் காட்டு" என்றேன். போனில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தான். ரூம் என்ற பேச்சே அதில் இல்லை. முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, அதற்குக் கீழே வீட்டு முகவரி, மாத வாடகை 2,250 பவுண்டு. நாலாம் பக்கத்தில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி லையபிள்' என்று ஒரு வரி. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று அர்த்தம். 450 என்பது நண்பர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட கணக்கு. வீட்டுக்காரரைப் பொறுத்தவரை ஐவரில் ஒவ்வொருவரும் முழு 2,250-க்கும் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மீதியை மற்ற நால்வரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஜாமீன் போட்ட உறவினரிடமும் கேட்கலாம். ஊரில் இருக்கும் அப்பாவை ஏஜென்ட்கள் பெரும்பாலும் ஜாமீனாக ஏற்பதில்லை, இங்கே வருமானம் உள்ள ஆள் வேண்டும் என்பார்கள். இவனுக்குக் கையெழுத்துப் போட்டவர் லண்டன் ஹாரோவில் இருக்கும் சித்தப்பா. அந்தப் படிவத்தில் 'இவருடைய பங்குக்கு மட்டும்' என்ற வரி இல்லை. அதாவது முகம் தெரியாத நாலு பையன்களின் வாடகைக்கும் சித்தப்பா ஜாமீன். இதைச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. கையெழுத்துக்கு முன்பு அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பல ஏஜென்ட்கள் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னும் இரண்டு நம்பிக்கைகளை வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். ஒன்று, கையெழுத்துப் போட்டு பதினாலு நாளுக்குள் ரத்து செய்யலாம் என்பது. ஆன்லைனில் வாங்கும் பொருளுக்கு உண்டு, வீட்டு வாடகைக்குக் கிடையாது. இன்னொன்று, படிப்பை நிறுத்திவிட்டால் ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்பது. தனியார் வீட்டுக்காரருக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காலியான ரூமுக்கு ஆள் தேடவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. ரைக்மன் எதிர் பெவரிட்ஜ் என்ற அலுவலகக் குத்தகை வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இலேயே இதைச் சொல்லிவிட்டது.

அப்படியானால் வழி? பழைய சட்டத்தில், ஒப்பந்தத்தில் இடையில் முறித்துக்கொள்ளும் ஷரத்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். மாணவர் வீடுகளில் அது அபூர்வமாகவே இருந்தது. அடுத்து, வீட்டுக்காரரும் ஐந்து பேரும் சம்மதித்து ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்வது. மற்ற நாலு பேருக்கும் போக இடம் வேண்டுமே, அதனால் இதுவும் அநேகமாக நடக்காது. நடைமுறையில் கைகொடுப்பது உங்கள் இடத்துக்கு வேறு ஒருவரைக் கொண்டுவருவதுதான். அதைச் சரியாகச் செய்யாமல் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. வாட்ஸாப் குழுவில் ஆள் பிடித்து, ரூமை அவரிடம் கொடுத்துவிட்டு, வாடகையை அவர் உங்கள் கணக்குக்கு அனுப்ப நீங்கள் ஏஜென்ட்டுக்கு அனுப்புவது வெளியேறியதாக ஆகாது. அவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்டவேண்டும். வீட்டுக்காரர், தங்கியிருக்கும் நால்வர், புதியவர், நீங்கள் என எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாளில், இன்ன தேதியோடு உங்கள் பொறுப்பு முடிகிறது என்று இருக்கவேண்டும். ஜாமீன் போட்டவரின் விடுதலைக்குத் தனியாக ஒரு கடிதம்.

புதியவர் முழுநேர மாணவராக இருப்பது நல்லது. எல்லோரும் மாணவர்களாக இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்டும் வீட்டு வரி, கிடையாது. வேலைக்குப் போகும் ஒருவர் உள்ளே வந்தால் பில் வரும், அதோடு வீட்டுக்குள் அடுத்த சண்டை.

பெயர் மாற்ற ஏஜென்ட் கேட்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. 2019-ஆம் ஆண்டின் வாடகையாளர் கட்டணச் சட்டப்படி 50 பவுண்டு. அதற்குமேல் கேட்டால் உண்மையில் ஆன நியாயமான செலவைக் காட்டவேண்டும். இவனிடம் கேட்டது 300. கணக்குக் காட்டச் சொல்லி மூன்று வரி எழுதினோம். மறுநாளே 50 ஆகிவிட்டது.

டெபாசிட் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே தொகையாக இருக்கும். ஒருவர் போகிறார் என்பதற்காக வீட்டுக்காரர் அதை உடைத்துக் கொடுக்கவேண்டியதில்லை. வழக்கமாகப் புதியவர் உங்கள் பங்கை உங்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். ரூமை அன்றைய தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

வீட்டுக்காரர் பிடிகொடுக்காமல் இருந்தால் நான் இரண்டு விஷயங்களைத் தோண்டுவேன். டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற திட்டத்தில் பாதுகாத்தாரா? இல்லையென்றால் நீதிமன்றம் அந்தத் தொகைபோல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை கொடுக்கச் சொல்லும். அப்புறம், ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேர் தங்கும் வீட்டுக்கு கவுன்சில் உரிமம் வேண்டும். உரிமப் பட்டியல் கவுன்சிலிடம் இருக்கும், யாரும் பார்க்கலாம். உரிமம் இல்லாமல் விட்டிருந்தால் கட்டிய வாடகையைத் திருப்பிக் கேட்கத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இதனால் ஒப்பந்தம் தானாகச் செல்லாததாகிவிடாது. ஆனால் பேச்சுவார்த்தையின் தொனி மாறும், அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி புதிய சட்டம். ரென்டர்ஸ் ரைட்ஸ் ஆக்ட், அதாவது வாடகையாளர் உரிமைச் சட்டம், 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்றது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் சாதாரண தனியார் வாடகை வீடுகளில் 'பன்னிரண்டு மாதம் கட்டாயம்' என்ற முறை இல்லை. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். நல்ல செய்திதான். ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. காலவரையறை இல்லாத கூட்டு வாடகையில் ஒருவர் முறையாக நோட்டீஸ் கொடுத்தால் மொத்த வாடகையும் முடிந்துவிடும். 1991-இல் ஹாமர்ஸ்மித் எதிர் மங்க் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை உறுதிசெய்த விதி இது. மற்ற நால்வரின் சம்மதம் வேண்டியதில்லை. ஏப்ரலில் நீங்கள் கோபத்தில் அனுப்பும் ஒரு மெயில், ஜூனில் தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கும் நாலு பேரின் வீட்டைப் பறிக்கலாம். நோட்டீஸுக்கு முன்பு அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வீட்டுக்காரரோடு புது ஒப்பந்தம் போட நேரம் வேண்டும்.

அரசு ஏற்ற நடத்தை விதிகளில் சேர்ந்திருக்கும் பெரிய மாணவர் விடுதிகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் விதி. பெரும்பாலும் ஆளுக்குத் தனி ஒப்பந்தம் என்பதால் அடுத்தவர் வாடகை உங்கள் தலையில் விழாது. ஸ்காட்லாந்து வேறு கதை: 28 நாள் நோட்டீஸ் போதும், ஆனால் கூட்டு ஒப்பந்தமென்றால் எல்லோரும் சேர்ந்துதான் கொடுக்கமுடியும். கிளாஸ்கோவிலோ டண்டீயிலோ இருப்பவர்கள் நான் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம்.

உங்கள் மாணவர் சங்கத்தில் இந்த ஆலோசனைக்குக் காசு கிடையாது. ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை சொல்லும் தொண்டு நிறுவனங்கள் இரண்டும் இலவசம். பெட்டி கட்டுவதற்கு முன்பு வாருங்கள்.

அந்தத் தம்பிக்கு மார்ச் முதல் வாரம் ஒரு கேரளத்துப் பையன் கிடைத்தான். ஆறு கையெழுத்துகள் வாங்கப் பத்து நாள் ஆனது, சண்டை போட்டவனுடையது கடைசியில் வந்தது. பிப்ரவரி வாடகையைத் தம்பி கட்டினான், மார்ச்சில் பாதியும். சித்தப்பாவுக்கான விடுதலைக் கடிதத்தை ஏஜென்ட் தானாக அனுப்பவில்லை. இரண்டு முறை நினைவூட்டி வாங்கினேன். அதைச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்த்துவிட்டார் என்று உறுதியான பிறகே கோப்பை மூடினேன்.