சோடா வரியில் சோடா இல்லை

அமெரிக்க நகரங்கள் சில இனிப்புக் குளிர்பானங்கள் மேல் ஒரு வரி போட்டிருக்கின்றன. ஆங்கிலச் செய்திகளில் அதற்கு 'சோடா டாக்ஸ்' என்று பெயர். நம் செய்திகளில் பாதி மட்டும் மொழிபெயர்ந்து 'சோடா வரி' ஆகிவிடுகிறது.

தமிழில் சோடா என்றால் நிறமும் இனிப்பும் இல்லாத, காற்றடைத்த தண்ணீர். வயிறு மந்தமாக இருந்தால் வாங்கிக் குடிப்பது, மேடைப் பேச்சாளர் பாதிப் பேச்சில் கேட்பது. வேடிக்கை என்னவென்றால், பிலடெல்பியாவிலும் சியாட்டிலிலும் அந்தச் சோடாவுக்கு இந்த வரி கிடையாது. பெயரைத் தமிழ்க் காதால் கேட்டால், வரி விழாத ஒரு சரக்கின் பெயரையே வரிக்கு வைத்த மாதிரி இருக்கும்.

சோடா என்ற சொல் ஐரோப்பாவில் முதலில் ஒரு சாம்பலைக் குறித்தது. உவர்நிலத்தில் வளரும் சில செடிகளை எரித்துக் கிடைக்கும் அந்தச் சாம்பல் சோப்புக்கும் கண்ணாடிக்கும் பயன்பட்டது. 1807-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காஸ்டிக் சோடாவிலிருந்து ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்து சோடியம் என்று பெயரிட்டார். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே, 1767-இல், ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மதுவடிசாலை ஒன்றில், நுரைத்துப் பொங்கும் தொட்டிக்கு மேலே நின்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்திருந்தார். பிறகு அப்படிப்பட்ட தண்ணீரில் சோடா உப்பும் சேர்த்து விற்றார்கள்; 'சோடா வாட்டர்' வந்தது. அமெரிக்கர்கள் அதில் சர்க்கரைப் பாகும் சுவையும் ஊற்றினார்கள். சரக்கு மாறியது, பெயர் மாறவில்லை. நாம் பழைய பொருளோடு நின்றுவிட்டோம், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இது எல்லா ஊருக்கும் பொதுச் சொல் இல்லை. வடகிழக்கிலும் கலிபோர்னியாவிலும் சோடா, நடுமேற்கில் 'பாப்', தெற்கில் எந்தக் கம்பெனி பானமாக இருந்தாலும் 'கோக்'. சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியில் இதே வரி வந்தபோது அது 'பாப் டாக்ஸ்' ஆனது.

அடுத்தது 'வரி'. இந்தச் சொல்லில் சிக்கல் இல்லை. எந்த வகை வரி என்பதில்தான் இருக்கிறது. பில்லின் அடியில் சேரும் விற்பனை வரி இல்லை இது. பிலடெல்பியாவில் சரக்கைக் கடைக்குக் கொண்டுபோகும் விநியோகஸ்தரிடம், அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். விலை எதுவாக இருந்தாலும் அவுன்சுக்கு ஒன்றரை சென்ட். அவுன்ஸ் என்பது கிட்டத்தட்ட 30 மில்லி. இரண்டு லிட்டர் பாட்டிலில் 67.6 அவுன்ஸ், ஆக ஒரு பாட்டிலுக்கு ஒரு டாலருக்குச் சற்று மேல் வரி. 12 அவுன்ஸ் கேன் பன்னிரண்டு அடங்கிய பெட்டிக்கு 2 டாலர் 16 சென்ட். தள்ளுபடியில் வாங்கும் மலிவுப் பாட்டிலுக்கும் இதே தொகைதான் என்பதால் அடி அங்கேதான் பலமாக விழும்.

சரக்கின் மேல் விழும் வரிக்குத் தமிழில் பழைய சொற்கள் உண்டு. திருக்குறள் 756 'உல்கு பொருள்' என்று சொல்வது சுங்கப் பணத்தை. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம். இன்று வழக்கில் இருப்பது 'கலால்'. சாராயம் வடித்து விற்பவரைக் குறித்த இந்திச் சொல்லிலிருந்து வந்தது அது. பானத்தில் பிறந்து பிறகு எல்லாச் சரக்குக்கும் பரவிய சொல், சுற்றிவிட்டுப் பானத்துக்கே திரும்புகிறது. சட்டக் கணக்குப்படி பிலடெல்பியா வரி ஒரு கலால் வரிதான். ஆனால் 'பானக் கலால்' என்று எழுதினால் வாசகர் மதுபானம் என்றே படிப்பார். சொல் தன் பிறந்த வீட்டை இன்னும் மறக்கவில்லை.

விநியோகஸ்தர் கட்டுவதைக் கடைக்காரர் விலையில் ஏற்றுவாரா? இந்த வரியின் பலன் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. பிலடெல்பியாவில் 2017 ஜனவரி 1-இல் வரி வந்தது. முதல் ஆண்டைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வு, அவுன்சுக்கு சூப்பர் மார்க்கெட்டில் 0.65 சென்டும் பெரிய பல்பொருள் கடைகளில் 0.87 சென்டும் மருந்துக் கடைகளில் 1.56 சென்டும் விலை ஏறியதாகச் சொன்னது. மருந்துக் கடைகள் முழு வரியையும் வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டன. சூப்பர் மார்க்கெட்டில் வரியில் பாதிகூட விலையில் ஏறவில்லை. வரி போட்ட பானங்களின் விற்பனை ஊருக்குள் 51 சதவீதம் சரிந்தது. நகர எல்லைக்கு அந்தப் பக்கம் போய் வாங்கியவர்களையும் கணக்கில் சேர்த்தால் நிகரச் சரிவு 38 சதவீதம். எதிர்ப்பவர்கள் 51-ஐக் காட்டி 'கடைகள் நொடிந்தன' என்பார்கள். அதே 51-ஐக் காட்டி ஆதரிப்பவர்கள் 'வெற்றி' என்பார்கள். இரண்டு தரப்பும் 38-ஐ எடுத்துக்கொண்டு பேசினால் தகவல் கொஞ்சம் நேராக இருக்கும்.

முதலில் துணிந்த நகரம் கலிபோர்னியாவின் பெர்க்லி. 2014 நவம்பரில் வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரிக்க, அவுன்சுக்கு ஒரு சென்ட் வரி வந்தது. எல்லா நகரத்திலும் கதை இப்படி இல்லை. குக் கவுண்டி வரி 2017 ஆகஸ்டில் வந்து டிசம்பருக்குள் போய்விட்டது. அங்கே வரியை விநியோகஸ்தரிடம் நிறுத்தவில்லை, வாங்குபவர் பில்லிலேயே தனி வரியாக அச்சடித்தார்கள். எனக்குப் பட்டவரை, கோபத்தைப் பெருக்கியது தொகையை விட அந்த அச்சடித்த வரிதான். (தமிழில் இரண்டும் 'வரி' என்பது தற்செயல்.)

இனி மொழிபெயர்ப்பு. 'சர்க்கரை வரி' என்பதைப் பலரும் எழுதுகிறார்கள், பிரிட்டனிலும் பேச்சு வழக்கு அதுதான். சர்க்கரா என்றால் வடமொழியில் பரல், மணல். அது பாரசீகம், அரபு, லத்தீன் வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'சுகர்' ஆனது. சர்க்கரையும் சுகரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்; தமிழில் இரண்டும் சேர்ந்து நோயின் பெயராகவும் ஆகிவிட்டன. 'அவருக்குச் சர்க்கரை' என்றால் நாம் மூட்டையை நினைப்பதில்லை. வரியோடு சேர்த்தால் மட்டும் மூட்டைதான் நினைவுக்கு வரும், சீனி விலை ஏறுகிறதோ என்று. பிரிட்டனுக்கு அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும்: 2018 ஏப்ரல் முதல் அங்கே பானத்தில் உள்ள சர்க்கரையின் அடர்த்தியைப் பார்த்துத் தீர்வை வாங்குகிறார்கள், 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் தீர்வை இல்லை. அதனாலேயே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்தன. பிலடெல்பியாவுக்கு அது பொருந்தாது. அங்கே ஒரு துளி சர்க்கரை இல்லாத 'டயட்' பானத்துக்கும் அதே ஒன்றரை சென்ட்.

'குளிர்பான வரி' காதுக்கு இனிமை. ஆனால் வரிக்காரர் வெப்பமானி வைத்துப் பார்ப்பதில்லை. இனிப்பூட்டிய டீ, எனர்ஜி பானம், கடையில் கலக்கித் தரும் பாகு எல்லாமே வலைக்குள் வரும். ஐஸில் வைத்த தண்ணீர் வராது. 'மென்பானம்' என்பது ஆங்கிலத்தை அப்படியே எடுத்தது. சாராயம் 'வன்மை', இது 'மென்மை' என்ற அவர்கள் கணக்கு தமிழில் நிற்பதில்லை. 'பாவ வரி' என்று புகையிலையோடும் மதுவோடும் சேர்த்து மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. நான் தவிர்ப்பேன். ஒரு டம்ளர் பானத்துக்குப் பாவக் கணக்கு எழுதுவது செய்தி எழுதுபவர் வேலை இல்லை.

பெயர் வைப்பதிலேயே அரசியல் நடந்த இடமும் உண்டு. 2016-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் ஓக்லாந்திலும் பானக் கம்பெனிகள் தரப்புப் பிரச்சாரம் இதை 'மளிகை வரி' என்றே அழைத்தது. அரிசி பருப்புக்கும் வரியோ என்று தோன்ற வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு ஊரிலும் வாக்காளர்கள் வரியை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பிரச்சாரத்தைப் பற்றி எழுதும்போது 'மளிகை வரி'யை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும்; குறி விடுபட்டால் நாமும் ஒரு தரப்பாகிவிடுவோம்.

என் தேர்வு 'இனிப்பூட்டிய பான வரி'. 'இனிப்புப் பான வரி' சுருக்கம், தலைப்புக்கு ஆகும். ஆனால் அசல் ஆரஞ்சுச் சாறும் இனிப்புதானே என்று ஒருவர் கேட்டால் பதில் இராது. பிலடெல்பியா விதிப்படி பாதிக்கு மேல் பழச்சாறோ பாலோ உள்ள பானத்துக்கு வரி இல்லை. 'ஊட்டிய' என்ற துண்டு அதை ஏறக்குறைய சரிசெய்கிறது: தானாக இனிப்பது வெளியே, ஆள் கலந்த இனிப்பு உள்ளே. அது சர்க்கரையா செயற்கை இனிப்பா என்றும் கேட்பதில்லை. ஆகவே டயட் பானமும் அடங்கும். பெர்க்லி, சியாட்டில் மாதிரி டயட் பானத்தை விட்டுவிட்ட ஊரைப் பற்றி எழுதும்போது 'சர்க்கரை கலந்த பான வரி' என்று ஒரு சொல் மாற்றினால் போதும்.