இரண்டு நாள் வெயிலை நம்பித் தேனீப் பெட்டியைத் திறக்காதீர்கள்

குளிர்காலத்தின் நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், என் போனுக்கு ஓய்வு கிடையாது. "பெட்டியைத் திறந்து பார்த்தேன், ராணியைக் காணோம், என்ன செய்வது?" போன வாரமும் இதே கேள்வி. ராணி இருந்திருக்கும். தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை உருவும்போது நசுங்கியதோ, புல்லில் விழுந்ததோ, இனி யாருக்குத் தெரியும்? புது ராணியை வளர்த்தாலும், இணைசேர இந்த மாதங்களில் ஆண் தேனீக்கு எங்கே போவது?

நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படவில்லை என்பதால் தேனீக்கும் குளிரவில்லை என்று நினைக்கிறார்கள். வெளியே சுமார் 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே அவை ஒன்றோடொன்று நெருங்கித் திரளத் தொடங்கிவிடும். நீங்கள் "இதமாக இருக்கிறது" என்று சொல்லும் 11, 12 டிகிரி அவற்றுக்குக் குளிர்தான். பகல் நீளத் தொடங்கியதும் பல கூட்டங்களில் ராணி கொஞ்சமாக முட்டையிடும். அந்தப் புழுக்களுக்கு 34, 35 டிகிரி வேண்டும். இந்த நேரத்தில் சட்டத்தைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் திரள் உடைகிறது, கீழே விழுந்த தேனீ விறைத்துப்போய்த் திரும்ப ஏற முடியாமல் கிடக்கிறது. மூடியை நெம்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் வருமே, அது இலையுதிர் காலத்தில் அவை பிசின் வைத்து அடைத்த இடுக்கு உடைகிற சத்தம். குளிரில் அந்தப் பிசின் கண்ணாடி மாதிரி நொறுங்கும். நல்ல வெப்பம் வரும்வரை அதை மறுபடி ஒட்ட அவற்றால் முடியாது.

"பறக்கின்றனவே!" என்பார்கள். கழிவை வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்து, அதைக் கழிக்கத்தான் வெளியே வருகின்றன. (அன்றைக்குப் பார்த்து வெள்ளைத் துணியைக் காயப்போடாதீர்கள்.) வாசலில் செத்த தேனீக்கள் குவிந்திருந்தாலும் பதற வேண்டாம். குளிர் நாட்களில் உள்ளே இறந்ததையெல்லாம் வெப்பமான ஒரு நாளில்தான் இழுத்துப் போடும். பெட்டியின் முகப்பெல்லாம் பழுப்புத் தீற்றலாக இருந்தால் அது வேறு விஷயம், வயிற்றுப்போக்காக இருக்கலாம், சொல்லுங்கள்.

சரி, என்னதான் பார்ப்பது? பின்பக்கம் நின்று ஒரு கையால் பெட்டியை லேசாகத் தூக்குங்கள். கனத்தால் உணவு இருக்கிறது. மிதமான குளிர்காலத்தில்தான் தேன் சீக்கிரம் கரையும். கூட்டம் நடமாடும், புழுவும் வளர்க்கும். பசியில் சாகும் கூட்டங்களில் பல, குளிர்காலத்தின் கடைசி வாரங்களில்தான் சாகின்றன. பெட்டி லேசாகிவிட்டால், காற்றில்லாத மதியத்தில் மேல்மூடியை மட்டும் நீக்கி, சட்டங்களின் மேல் ஒரு தாள் விரித்து, வெள்ளைச் சீனியைக் கொட்டி உடனே மூடிவிடுங்கள். பாகு வேண்டாம், பெட்டிக்குள் ஈரம் ஏறும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை வேண்டவே வேண்டாம், வயிறு கெடும். கடைத்தேனும் வேண்டாம், அதிலிருந்து நோய் வரலாம்.

வளைந்த கம்பியால் வாசலில் அடைத்திருக்கும் பிணங்களை இழுத்துவிடுங்கள். பெட்டி முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும், தண்ணீர் உள்ளே தேங்காது. அப்புறம் பக்கவாட்டில் காதை வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். குப்பென்று ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கினால், தயவுசெய்து வீட்டுக்குள் போய்விடுங்கள்.

தட்டியும் சத்தமே இல்லை, ஆனால் வாசலில் போக்குவரத்து இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பக்கத்துக் கூட்டங்கள் தேனைத் திருட வந்திருக்கலாம், நோய் அப்படித்தான் பரவுகிறது. பெட்டி செத்துவிட்டது என்று உறுதியானால் அன்றே வாசலை அடைத்துவிடுங்கள். தேனடைகளையும் அடிப்பலகைக் குப்பையையும் அப்படியே வைத்திருங்கள். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு "எதனால் செத்தது?" என்று கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது?