ஜெர்ம்லைன் எடிட்டிங்: இனச்செல்வழி மரபணுத் திருத்தம்

உடலச் செல்லில் (இனப்பெருக்கத்தில் பங்கில்லாத செல்லில்) செய்யும் மரபணுத் திருத்தம் அந்த ஆளோடு முடிந்துவிடும். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை இவ்வகை: ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்துத் திருத்தி, மறுபடி உடலில் ஏற்றுகிறார்கள். பிள்ளைக்கு அது போகாது. விந்தணு, கருமுட்டை, அவற்றை உண்டாக்கும் செல்கள், தொடக்கநிலைக் கரு ஆகியவற்றில் கைவைத்தால் வழிவழியாகப் போகும். இதுதான் ஜெர்ம்லைன் எடிட்டிங். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் 'ஜெர்மென்' என்றால் முளை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான், பரம்பரைப் பண்பு இனச்செல்கள் (விந்தணு, கருமுட்டை) வழியாக மட்டுமே கடக்கும் என்று வாதிட்டார். ஜெர்மன் மொழியில் அந்த இனச்செல் தொடர்ச்சிக்கு 'கைம்பான்', அதாவது முளைப்பாதை, என்று பெயர். ஆங்கில 'ஜெர்ம்' என்பதற்கு நோய்க்கிருமி என்ற பொருள் 'நோயின் வித்து' என்ற வழியில் வந்தது. ஆகவே 'கிருமிவரிசை' என்று எழுதுவது அப்பட்டமான பிழை.

'கருவழித் திருத்தம்' சுருக்கமானதுதான். ஆனால் விந்தணுவை உண்டாக்கும் ஸ்டெம் செல்லைத் திருத்தினாலும் அது ஜெர்ம்லைன்தானே. அங்கே கரு ஏது? 'இனச்செல்வழி' என்பதே பொருந்தும். 'மரபணு மாற்றம்' வேண்டாம். அந்தச் சொல்லைப் பயிர்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

திருத்தம் என்ற சொல்லும் சற்றுத் தாராளமானது. மரபணுவை வெட்டும் கருவியான கிரிஸ்பரில் 20 மரபெழுத்து நீளமுள்ள வழிகாட்டிப் பகுதி இடத்தைக் காட்டும், கேஸ்9 என்ற நொதி வெட்டும். வெட்டை ஒட்டுவது செல்லின் சொந்த வேலை, அங்கேதான் எழுத்துகள் கூடும், குறையும். சீனாவில் ஆய்வாளர் ஹே ஜியான்குய், கருவிலேயே திருத்தியதாக 2018 நவம்பரில் அறிவித்த இரட்டைக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. நுழையும் வாசலான சிசிஆர்5 மரபணுவை அடைப்பது நோக்கம். சிலருக்கு இயற்கையாகவே அதில் 32 எழுத்துகள் இல்லை. அவர் வெளியிட்ட விவரப்படி, ஒரு குழந்தைக்கு ஒரு பிரதியில் 15 எழுத்துகள் போயின, மறு பிரதி அப்படியே இருந்தது. மற்றதற்கு ஒரு பிரதியில் 1 எழுத்து கூடியது, இன்னொன்றில் 4 குறைந்தன. இயற்கையில் காணும் அந்த 32 எழுத்துக் குறைவு இருவரிடமும் இல்லை. கரு பிளந்த பிறகும் வெட்டு தொடர்ந்தால் செல்லுக்குச் செல் வேறுபடும் கலவை உடல் உருவாகும். சில செல்களைக் கிள்ளிச் சோதித்தால் அது முழுதாகத் தெரியாது. 2019 டிசம்பரில் ஹே ஜியான்குய்க்கு 3 ஆண்டுச் சிறை.

மனிதன் தன் பரிணாமத்தையே இப்படித் திட்டமிடுவதற்கும் ஒரு சொல் வேண்டும். 'பரிணாமம்' வடசொல். இலங்கைப் பாடநூல்களில் 'கூர்ப்பு'. "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்கிறது தொல்காப்பியம்; உள்ளது மிகுந்து சிறப்பதே கூர்ப்பு. இயற்கையின் பரிணாமத்துக்குச் சிறப்பை நோக்கிய திசை கிடையாது என்பதால் அச்சொல்லில் ஓர் உறுத்தல் உண்டு. மனிதன் திட்டமிட்டுச் செய்வதற்கோ நன்றாகவே பொருந்தும். 'இயக்கிய பரிணாமம்' என்று மட்டும் எழுத வேண்டாம்: அது நொதிகளை ஆய்வகத்தில் மேம்படுத்தும் முறை, பிரான்சிஸ் அர்னால்டுக்கு 2018இல் நோபல் தந்தது.

மனித இனத்தையே மாற்றிவிடலாம் என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஒடுங்கு மரபணு வடிவம் (இரு பிரதிகளிலும் இருந்தால் மட்டுமே நோய் தருவது) மக்களிடம் 100 பிரதிக்கு 1 என்று இருந்தால், நோய் வருவது ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு. நோய்க்குரிய கருக்கள் அத்தனையையும் திருத்தினாலும் அந்த வடிவத்தின் பிரதிகளில் 99 விழுக்காடு, நோயில்லாமல் அதைச் சுமப்பவர்களிடம் அப்படியே இருக்கும்.