அட்டவணையில் முந்தும் நாடுகள்: ஒப்பிடுவதற்கு முன் ஒரு நிமிடம்

நாடுகளின் பொருளாதாரக் கணக்குகளை அலசி அறிக்கை தயாரிப்பது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களின் வரைவுகளைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதும் அதில் அடக்கம். அப்படி ஒருமுறை, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் 2015-ஆம் ஆண்டு வளர்ச்சியை ஒப்பிட்டு ஒரு தம்பி வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார். மற்ற நாடுகளின் பட்டைகள் எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடந்தன. அயர்லாந்தின் பட்டை மட்டும் ஒற்றைப் பனைமரம் மாதிரி நின்றது. மேலே, "அயர்லாந்தின் சாதனை: மற்ற நாடுகளுக்குப் பாடம்" என்று தலைப்பு.

எண்ணை அவர் தப்பாக எடுக்கவில்லை. அந்த ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜி.டி.பி., 26.3 சதவீதம் கூடியதாக அயர்லாந்தின் புள்ளியியல் அலுவலகமே 2016 ஜூலையில் அறிவித்தது. பிற்பாடு அது கொஞ்சம் திருத்தப்பட்டது, ஆனால் பெரிதாக இறங்கவில்லை. "சரி, நாட்டின் உற்பத்தி ஒரே வருடத்தில் கால்வாசி கூடியிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு கூடினார்கள், பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் முகம் வாடி வந்தார். வேலைவாய்ப்பு கூடியது சில சதவீதம்தான்.

நடந்தது இதுதான். சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை, மென்பொருள் போன்ற அறிவுசார் சொத்துகளை அயர்லாந்தில் உள்ள தங்கள் கம்பெனிகளின் பெயருக்கு மாற்றின. அப்புறம் வேறு நாட்டுத் தொழிற்சாலையில் ஒப்பந்தத்துக்குச் செய்து, வேறு நாட்டிலேயே விற்ற பொருளின் மதிப்புகூட அயர்லாந்தின் கணக்கில் ஏறியது. கணக்கு விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பங்கு அங்கே வாழும் குடும்பங்களின் கைக்கு வரவே இல்லை. பொருளாதார அறிஞர் பால் குரூக்மன் இதை 'லெப்ரகான் பொருளாதாரம்' என்றார். லெப்ரகான் என்பது ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் பொற்குடத்தை ஒளித்து வைத்திருக்கும் குட்டி மனிதன்.

இதில் நான் மதிப்பது அந்த நாட்டுப் புள்ளியியலாளர்களைத்தான். பெருமை தரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. 2017-இல், பன்னாட்டு நிறுவனங்களால் வரும் இந்த மாதிரி வீக்கத்தைக் கழித்துக் காட்டும் 'திருத்தப்பட்ட மொத்த தேசிய வருமானம்' என்ற தனி அளவையை வெளியிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த எண், ஜி.டி.பி.யில் பாதிக்குச் சற்று மேலேதான் வருகிறது.

லக்சம்பர்க்கின் கதை வேறு விதம். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி அங்கே வேலைக்குப் போய்வருகிறார்கள். மக்கள் தொகையே 7 லட்சத்தைத் தொடாத நாடு அது. இவர்களின் உழைப்பு லக்சம்பர்க்கின் உற்பத்தியில் சேர்கிறது. தலைக்கு எவ்வளவு என்று வகுக்கும்போது மட்டும் இவர்களின் தலை கணக்கில் வராது. மேலே கூட்டி, கீழே விட்டுவிட்டு வகுத்தால் ஈவு பெரிதாகத்தானே வரும்?

அதனால் நாங்கள் தயாரிக்கும் ஒப்பீட்டு அட்டவணையில் தலா ஜி.டி.பி.க்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தியைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்வேன். தலா உண்மை நுகர்வு. வீட்டுச் செலவோடு, அரசு செலவில் மக்களுக்குக் கிடைக்கும் மருத்துவம், கல்வி போன்றவையும் இதில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் இரண்டையும் விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்தே வெளியிடுகிறது. 2023 கணக்கில் தலா ஜி.டி.பி.யில் அயர்லாந்து ஒன்றியச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தலா நுகர்விலோ சராசரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரே நாடு, ஒரே ஆண்டு!

விலைவாசியைச் சரிசெய்யாமல் வெறும் யூரோவில் ஒப்பிட்ட அறிக்கை கைக்கு வந்தால் நான் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன். டென்மார்க்கில் வீட்டுச் செலவுக்கான விலைவாசி ஒன்றியச் சராசரியைவிட 40 சதவீதத்துக்கு மேல் அதிகம். ருமேனியாவில் சராசரியில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான்.

எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 2023-இல் ஜெர்மனியின் பொருளாதாரம் சுருங்கியது, கிரீஸ் 2 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. இதை மட்டும் பார்த்தால் கிரீஸ் ஜெர்மனியை முந்திவிட்ட மாதிரி இருக்கும். 2007-க்கும் 2013-க்கும் இடையில் கிரீஸ் தன் பொருளாதாரத்தில் கால் பங்கை இழந்தது. 2023-இல்கூட 2007-இன் உயரத்தை அது எட்டவில்லை. ஆழத்தில் விழுந்தவர் ஏறி வரும் வேகத்தை, மேலே நடந்துகொண்டிருப்பவரின் வேகத்தோடு ஒப்பிடுவது இருவருக்குமே நியாயமில்லை.

லாட்வியாவை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். 2004-இல் ஒன்றியத்தில் சேரும்போது அங்கே 22 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். இப்போது 19 லட்சத்துக்கும் குறைவு. 2008 நெருக்கடிக்குப் பிறகு 20 சதவீதத்தை ஒட்டிப் போன வேலையின்மை அப்புறம் இறங்கியதில், ஊரைவிட்டுப் போனவர்களின் பங்கும் உண்டு. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டிலும் தலா வருமானம் கூடியதாகவே கணக்கு காட்டும். மக்கள் தொகைப் பத்தி இல்லாத ஒப்பீட்டில் இது கண்ணிலேயே படாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றைத்தான். இந்த எண்களை வைத்துத்தான் பணம் பங்கிடப்படுகிறது. விலைவாசி சரிசெய்த தலா ஜி.டி.பி. ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே உள்ள வட்டாரங்களுக்குத்தான் வளர்ச்சி நிதியில் அதிக உதவி. 2004 மே மாதம் 10 நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. பெரும்பாலும் வருமானம் குறைந்த நாடுகள் என்பதால் சராசரியே கீழே இறங்கியது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ், போர்ச்சுகலின் அல்கார்வே, இத்தாலியின் பசிலிகாட்டா போன்ற வட்டாரங்கள், பழைய சராசரிப்படி கோட்டுக்குக் கீழே இருந்திருக்க வேண்டியவை, புதிய சராசரிப்படி மேலே போய்விட்டன. அங்கே யாருக்கும் இதனால் ஒரு யூரோகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அளக்கிற கோல்தான் சுருங்கியது. நல்லவேளையாக ஒன்றியம் இதை உணர்ந்து, அந்த வட்டாரங்களுக்கான உதவியை ஒரேயடியாக வெட்டாமல் 2007 முதல் 2013 வரை படிப்படியாகக் குறைத்தது. ஆனாலும் குறைத்தது குறைத்ததுதான்.