வீடு மாமனார் பேரில் இருந்தால்?

வக்கீலான என்னிடம் வரும் பெண்களில் பலர் முதலில் கேட்பது விவாகரத்தைப் பற்றி அல்ல. "வீடு மாமனார் பேர்ல இருக்கு மேடம், வெளியே போன்னா போயிடணுமா?" என்றுதான்.

போக வேண்டியதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைத் தருகிறது. பத்திரம் யார் பெயரில் என்பது பொருட்டல்ல. மாமியார், மாமனார் வீட்டுக்கு இது பொருந்தாது என்று 2006இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. 2020இல் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் அது மாறியது. அதற்காக வீடு மருமகளுக்கே சொந்தமாகிவிடாது. முதியவர்களின் நிலைமையையும் நீதிபதி பார்ப்பார். அதே வசதியில் வேறு வீடு பார்த்துக் கணவர் வாடகை கட்டட்டும் என்றும் உத்தரவிடலாம்.

மனுவை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடலாம். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர் அந்த ஊரிலேயே போடலாம். குடும்ப நல நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்தால் அங்கேயே இதே நிவாரணங்களைக் கேட்கவும் வழி இருக்கிறது. வக்கீல்களாகிய நாங்களே இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. விவாகரத்து ஒரு கோர்ட், குடும்ப வன்முறை வழக்கு இன்னொரு கோர்ட் என்று போனால், அடி வாங்கிய விவரம் ஒரு கோர்ட்டின் வழக்குக் கோப்போடு தங்கிவிடுகிறது. குழந்தையை வாரா வாரம் அப்பாவிடம் காட்டச் சொல்லும் நீதிபதிக்கு அது தெரியாமலே போகலாம்.

முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில் என்பது சட்டத்தின் கணக்கு. நடப்பில் சம்மன் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே பல வாய்தா ஓடிவிடும். அதனால் பிரதான மனுவோடு இடைக்கால மனுவையும் சேர்த்துப் போடுங்கள். அவசரம் என்று பிரமாணப் பத்திரத்தில் தெரிந்தால், எதிர்த்தரப்பு வராமலேயே உத்தரவு தர முடியும். "கொடுமைப்படுத்துகிறார்" என்று மொத்தமாக எழுதினால் போதாது. எந்த நாள், எந்த அறை, யார் பார்த்தார்கள், ஏடிஎம் கார்டைப் பிடுங்கியது எப்போது என்று எழுத வேண்டும். பணத்தை முடக்குவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான்.

ஆஸ்பத்திரி சீட்டு விஷயத்தில் கவனம் தேவை. கணவர் பக்கத்திலேயே நிற்க, "படியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னது அப்படியே பதிவாகியிருக்கும். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். முடிந்தால் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். காவல் நிலையத்தில் சமாதானம் பேசி அனுப்பினாலும் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

உத்தரவு நகலைக் கோர்ட் இலவசமாகத் தர வேண்டும், காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று நேரில் விசாரியுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.