தற்காப்பில் தாக்கியவர்மீது வழக்கு வந்தால் வீட்டுக் காப்பீடு கைகொடுக்குமா?

அமெரிக்காவில் வீடு வாங்கிக் காப்பீடு எடுக்க வருவோர் கூரை, தண்ணீர்க் கசிவு, டிடக்டிபிள் (இழப்பில் நாமே ஏற்க வேண்டிய தொகை) ஆகியவற்றைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அதே பாலிசியின் இரண்டாம் பிரிவிலுள்ள தனிநபர் பொறுப்புக் காப்பீட்டைப் பற்றிக் கேட்பவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். அத்துமீறி நுழைந்தவரையோ வாசலில் சண்டைக்கு வந்தவரையோ நீங்கள் தற்காப்புக்காகத் தாக்கி, காயமுற்ற அவர் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தால், உங்களுக்கு உதவக்கூடியது அந்தப் பிரிவுதான்.

பரவலாக விற்கப்படும் எச்ஓ-3 என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி, காப்பீடு பெற்றவர் எதிர்பார்த்தோ வேண்டுமென்றோ விளைவித்த காயத்துக்குப் பணம் தராது. ஆனால் ஆட்களையோ உடைமையையோ காக்க நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த காயத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று, அதே விதியின் கீழ் ஒரு வரி உண்டு. சில நிறுவனங்கள் தம் சொந்தப் பாலிசிகளில் இந்த வரியைச் சேர்ப்பதில்லை. சில, குற்றச் செயல்களுக்குத் தனி விலக்கையும் வைத்திருக்கின்றன. ஆகவே முகப்புச் சுருக்கத்தோடு நிறுத்திவிடாமல், விலக்குகள் உள்ள பக்கங்களை முழுமையாகப் படிக்க வேண்டும்.

அந்த வரி இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. பொறுப்புக் காப்பீடு 'விபத்து' எனத்தக்க நிகழ்வுக்கே உரியது. தற்காப்பு தேவை என்று நியாயமற்ற முறையில் நம்பி ஒருவர் தாக்கினாலும், அந்த நம்பிக்கை தாக்குதலை விபத்தாக்கிவிடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2009இல் டெல்காடோ வழக்கில் தீர்ப்பளித்தது. எல்லா மாநிலங்களும் இதே முடிவுக்கு வரவில்லை என்பதால், உங்கள் மாநிலத்தின் நிலையை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டறிவதே சரி.

உங்களுக்காக வழக்கை நடத்தித் தரும் காப்பீட்டு நிறுவனத்தின் கடமை, நட்டஈடு செலுத்தும் கடமையைவிட விரிவானது என்பதைப் பலர் அறிவதில்லை. என் பார்வையில் இந்தக் காப்பீட்டின் பெரும்பயனே அதுதான். சாலைத் தகராறில் தன் கார்க் கதவை இழுத்துத் திறந்தவரை அடித்த ஒரு மருத்துவர், தற்காப்புக்காகவே அடித்ததாகச் சொல்லியும், அவருடைய காப்பீட்டு நிறுவனம் வழக்கை நடத்த மறுத்தது. தீர்ப்பு 6,000 டாலருக்கு அவருக்கு எதிராக வந்தது. கிரே எதிர் ஜூரிச் என்னும் அந்த வழக்கில் 1966இல் அதே உச்ச நீதிமன்றம், காப்பீட்டுக்குள் வரக்கூடிய வாய்ப்பு இருக்கும்வரை நிறுவனம் வழக்கை நடத்தியே ஆக வேண்டும் என்றது. எனவே சம்மன் வந்தவுடன், காப்பீடு இருக்காது என்று நீங்களே முடிவுசெய்துவிடாமல், எழுத்துமூலம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். தாமதமே மறுப்புக்குக் காரணமாகிவிடலாம். பின்னர் மறுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இப்போதைக்கு வழக்கை நடத்துகிறோம் என்று நிறுவனம் கடிதம் அனுப்பினால், அதை ஒதுக்கி வைக்காதீர்கள். நீங்கள் வேண்டுமென்றே அடித்தீர்கள் என்று நிறுவப்பட்டால் நிறுவனத்துக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம். இத்தகைய நலன் மோதல் எழும்போது, கலிபோர்னியா உரிமையியல் சட்டத்தின் 2860ஆம் பிரிவு, நிறுவனத்தின் செலவில் தனி வழக்கறிஞரைப் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

குற்றவியல் வழக்கின் செலவை வீட்டுக் காப்பீடு ஏற்காது. அந்த இடைவெளியை நிரப்பத் தனிப் பாலிசிகள் விற்கப்படுகின்றன. ஆனால் கேரி கார்டு என்ற அத்தகைய பாலிசியைச் சட்டவிரோதமானது என்று கூறி, அதை விற்ற லாக்டன் என்ற காப்பீட்டுத் தரகு நிறுவனத்தை 2018இல் நியூயார்க் நிதிச் சேவைத் துறை 70 லட்சம் டாலர் அபராதம் செலுத்தச் செய்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வது, உரிமையியல் வழக்கில் காப்பீடு மறுக்கப்படவும் காரணமாகலாம். ஒப்புக்கொள்ளும் முன் இரு வழக்குகளின் வழக்கறிஞர்களும் பேசிக்கொள்ளட்டும்.

பொறுப்பு வரம்பு பல பாலிசிகளில் 1,00,000 டாலரில் தொடங்குகிறது. அந்த வரம்புக்கு மேற்பட்ட தொகைக்குக் கைகொடுக்கும் அம்பர்லா பாலிசியை 10 லட்சம் டாலருக்கு எடுக்கும்போதும், நியாயமான பலம் பற்றிய வரி அதிலும் இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்துமூலம் பதில் வாங்கி, பாலிசியோடு வைத்துக்கொள்ளுங்கள்.