ஆதாரில் உள்ள முகவரி எங்களுக்கு வேண்டாம்

பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், முகவரி, செல்போன் எண். யாருக்காவது டெங்கு உறுதியானால் சுகாதார ஆய்வாளரான எனக்கு வந்து சேர்வது இந்த ஒரு வரிதான். லைன் லிஸ்ட் என்போம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, டெங்கு கண்டால் பொது சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பார்ப்பது தேதியை. கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். அதனால் அத்தனை நாள் பின்னால் போய், அவர் எங்கெல்லாம் இருந்தார் என்று கேட்போம். அவரைக் கடிக்கும் புதுக் கொசுவுக்கும் கிருமி போகும். அது அடுத்தவருக்குப் பரப்பத் தயாராக 8 முதல் 12 நாள் ஆகும். எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞரின் முகவரியை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே இரண்டு நாள் சல்லடை போட்டுத் தேடினோம். ஃபிரிட்ஜின் பின்தட்டு, மாடியில் கிடந்த டயர், ஆட்டுக்கல் குழி, கொட்டாங்குச்சி எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு கொசுப்புழுகூட இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது அவருடைய சித்தப்பா வீடு. ஆதாரில் இருந்ததால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் வேலை பார்த்ததோ ஒரு கட்டுமான இடத்தில். அங்கே லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் தண்ணீர் தேங்கி, புழு நெளிந்துகொண்டிருந்தது. நாங்கள் போவதற்குள் கூட வேலை செய்த இருவருக்குக் காய்ச்சல்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். ராத்திரி தூங்கும் வீட்டை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் எங்களுக்குக் கிடைக்கும்.

தெருவுக்குள் போனதும் எல்லாரும் கேட்பது, “புகை எப்ப சார் அடிப்பீங்க?” அடிப்போம். ஆனால் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தொட்டியில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. முட்டை பெரிய கொசுவாக வளர 7 முதல் 10 நாள் போதும். தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய முட்டையோ காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள் என்கிறோம். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச்சோடு வந்து நிற்கும்போது “எங்க வீடு சுத்தம்தான்மா” என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். சுத்தமான வீட்டின் சுத்தமான தண்ணீர்தான் இந்தக் கொசுவுக்கு இஷ்டம்.

ஓ.பி. சீட்டு போடும்போது இப்போது குடியிருக்கும் வீட்டையும், பகலில் இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள். அதன்பின் ஒரு வாரம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துவிடுங்கள். லோன் வேண்டுமா என்று கேட்க மாட்டேன். காய்ச்சல் எந்தக் கிழமை தொடங்கியது என்றுதான் கேட்பேன்.